பாதி டேங்கில் நின்றுபோகும் இன்ஜின்

ஹெட்போனில் கேட்கிறவர்கள் ஒரு நிமிஷம் வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

[இன்ஜின் சத்தம், 9 விநாடி]

இப்போது கேட்டது ஒரு மாடல் விமானத்தின் இன்ஜின். 7.5 சிசி. உள்ளங்கையில் அடங்கிவிடும். கடைசி இரண்டு விநாடியைக் கவனித்தீர்களா? சத்தம் மெல்ல இறங்கி நிற்கவில்லை. மேலே ஏறி, கூர்மையாகி, பட்டென்று நின்றது. வண்டியில் பெட்ரோல் தீரும்போது வரும் திணறல் வேறு, இது வேறு. இது பட்டினியில் சாகிற இன்ஜினின் சத்தம். ஆனால் டேங்கில் இன்னும் பாதி எரிபொருள் இருந்தது. இந்த எபிசோட் முழுக்க அந்த மிச்சப் பாதியைப் பற்றித்தான்.

வழக்கமாக நாம் சர்வர், டேட்டாபேஸ், ஆபீஸ் அரசியல் என்றுதான் பேசுவோம். இன்றைக்கு கையில் ஆமணக்கெண்ணெய் ஒட்டுகிற ஒரு கதை. ஆனால் கேட்கும்போது உங்களுக்கு உங்கள் ஆன்-கால் ராத்திரிகள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.

நான் படித்தது மெக்கானிக்கல். இப்போது சோறு போடுவது சாஃப்ட்வேர். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, எங்கள் கிளாஸில் பாதிப்பேர் இப்படித்தான். கோயம்புத்தூர் பக்கம் ஒரு காலேஜ். அங்கே நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஏரோமாடலிங் கிளப் வைத்திருந்தோம். பால்சா மரத்தில் கட்டிய ஒரு டிரெய்னர் விமானம், இறக்கை மேலே இருக்கிற வகை, ஒன்றரை மீட்டர் சொச்சம் அகலம். இன்ஜின் ஒரு சீனியர் விட்டுப்போன செகண்ட் ஹேண்ட். 2018-ல் நான் ஃபைனல் இயர், கிளப்புக்கு நான்தான் தலை. தலை என்றால் என்ன, மத்தவங்களை விட அதிகமாகப் பேசுகிறவன், அவ்வளவுதான்.

அந்த விமானத்துக்கு ஒரு வியாதி இருந்தது. தரையில் ஸ்டார்ட் செய்தால் சொன்னபடி கேட்கும். முழு த்ராட்டில் கொடுத்தால் கத்தும். மேலே போகும், நாலு சுற்றுச் சுற்றும். அப்புறம் ஏதோ ஒரு இடத்தில், பெரும்பாலும் மூக்கைத் தூக்கி ஏறும்போது, சத்தம் கூர்மையாகி நின்றுவிடும். சறுக்கிக்கொண்டே இறக்குவோம். கீழே வந்து டேங்கை நிரப்பி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி திரும்பவும் அருமையாக ஓடும்.

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், கொஞ்ச நேரம் கழித்துச் செத்துவிடும். சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இதைக் கேட்டவுடனே மெமரி லீக் என்று தோன்றியிருக்கும். எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இந்த இன்ஜின் எப்படிச் சாப்பிடுகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மீதிக்கதை புரியாது.

இது குளோ இன்ஜின், டூ ஸ்ட்ரோக். பெட்ரோல் கிடையாது. எரிபொருள் என்பது மெத்தனால், அதில் கலந்த எண்ணெய். ஆமணக்கெண்ணெயோ சிந்தெடிக்கோ, சுமார் ஐந்தில் ஒரு பங்கு. சில பேர் கொஞ்சம் நைட்ரோமீத்தேனும் சேர்ப்பார்கள். ஸ்பார்க் கிடையாது. பிளக்கில் பிளாட்டினம் கலந்த ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது ஒன்றரை வோல்ட் பேட்டரி வைத்து அதைப் பழுக்கவைப்போம். ஓட ஆரம்பித்ததும் பேட்டரியை எடுத்துவிடலாம். மெத்தனால் ஆவியும் பிளாட்டினமும் சேர்ந்து அந்தச் சுருளைத் தொடர்ந்து சிவப்பாகவே வைத்திருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். இதில் ஃப்யூவல் பம்ப் கிடையாது. பைக் கார்புரேட்டரில் இருக்கிற மாதிரி மிதவைக் கிண்ணமும் கிடையாது. காற்று குறுகலான வாய்க்குள் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும், அந்த உறிஞ்சலில்தான் எரிபொருள் வரும். துணைக்கு, சைலன்சரில் ஒரு சின்ன நிப்பிளில் இருந்து ஒரு டியூப் டேங்கின் மேல்பக்கத்துக்குப் போகும். புகையின் அழுத்தம் டேங்கைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளும். முன்னால் ஒரு இழு, பின்னால் ஒரு தள்ளு. மொத்த சப்ளை சிஸ்டமும் அவ்வளவுதான். இதனாலேயே டேங்கை வைக்கிற உயரம்கூட முக்கியம். டேங்கின் நடுமட்டம் கார்புரேட்டரின் ஸ்ப்ரே பாருக்கு நேராக, அல்லது ஒரு நூல் கீழே இருக்கவேண்டும்.

எவ்வளவு எரிபொருள் போகலாம் என்று தீர்மானிப்பது நீடில் வால்வ். கூர்முனையுள்ள ஒரு திருகு. திறந்தால் ரிச், மூடினால் லீன். ரிச்சாக இருந்தால் புகை நிறைய வரும், சத்தம் குளறும். லீனாக இருந்தால் சத்தம் கூர்மையாகும், புகை குறையும், சூடு ஏறும். இங்கே எண்ணெய் தனியாக இல்லை என்பதை மறந்துவிடக்கூடாது. எரிபொருளோடு கலந்துதான் எண்ணெயும் உள்ளே போகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். லீனாக ஓடுகிற ஒவ்வொரு விநாடியும் பிஸ்டனும் லைனரும் காய்ந்துபோய் உரசுகின்றன. கொஞ்சம் பவர் போகிறது என்கிற பிரச்சினை மட்டும் இல்லை இது.

இப்போது டேங்க். பால் வெள்ளையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், படுக்கவைத்திருக்கும். வாயில் ரப்பர் கார்க். அதன் வழியாக இரண்டு பித்தளைக் குழாய்கள் உள்ளே போகும். ஒன்று மேலே வளைந்து கூரையைத் தொடும், அது சைலன்சர் அழுத்தத்துக்கு. இன்னொன்று நேராக நீட்டிக்கொண்டு இருக்கும். அதன் முனையில் ஒரு சிலிக்கான் டியூப், டியூப்பின் கடைசியில் கிளங்க் என்று ஒரு உலோகக் குண்டு. விமானம் தலைகீழாகப் போனாலும், பக்கவாட்டில் சாய்ந்தாலும், எரிபொருள் எங்கே போகிறதோ அந்தக் குண்டும் கனத்தால் அங்கேயே போய் விழும். எப்போதும் முங்கியே இருக்கும். ரொம்ப எளிமையான ஐடியா. எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

சரி, கதைக்கு வருகிறேன்.

இன்ஜின் நடுவானில் நிற்கும் ஒவ்வொரு தடவையும் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். நீடிலை இன்னும் இரண்டு கிளிக் திறப்பேன். லீனில் சாகிறதா, ரிச் ஆக்கு. லாஜிக் சரிதானே? முதலில் புகை கக்கிக்கொண்டு குளறும், பாதியில் கூர்மையாகி நிற்கும். ஒரே நீடில், ஒரே செட்டிங். ஆரம்பத்தில் அதிக ரிச், முடிவில் அதிக லீன். செட்டிங் மாறவில்லை, நடத்தை மாறுகிறது என்றால் தப்பு செட்டிங்கில் இல்லை. இது இப்போது ஒரு வாக்கியத்தில் வந்துவிடுகிறது. அன்றைக்கு நான் திருகிக்கொண்டே இருந்தேன்.

பிப்ரவரியில் காலேஜில் ஓப்பன் டே. பெற்றோர், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் வந்திருந்தார்கள். கிரவுண்டின் ஒரு பக்கம் ஷாமியானா. எங்கள் விமானம்தான் பதினொரு மணி ஐட்டம். இரண்டு நிமிஷம் தரையில் ஓட்டிக்காட்டினோம், கைதட்டல். பிறகு மேலே போனது. நாலைந்து சுற்று. ஒரு லோ பாஸ், கூட்டத்துக்கு முன்னால் தாழ்வாக. அதிலிருந்து மூக்கைத் தூக்கி ஏற்றினோம். அந்தக் கூர்மையான சத்தம் வந்தது. நின்றது.

உயரம் பத்தாது. வேகமும் பத்தாது. ஷாமியானாவிலிருந்து முப்பது அடி தள்ளி, பைக் நிறுத்துகிற இடத்தின் தகரக் கூரையில் மோதி விழுந்தது. யாருக்கும் அடி இல்லை. இரண்டு கிலோவுக்கு மேல் எடை, முன்னால் ஒரு புரொப்பெல்லர். அந்த முப்பது அடியை நான் அப்புறம் ரொம்ப நாள் மனதில் அளந்துகொண்டிருந்தேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹெச்ஓடி, கிளப் ஆட்கள், யாரோ ஒரு அப்பா. அப்போது நான் சொன்னேன்: "ஃப்யூவல்ல தண்ணி கலந்திருக்கு சார்."

எரிபொருளுக்குப் பொறுப்பு ஒரு செகண்ட் இயர் தம்பி. மெத்தனாலும் ஆமணக்கெண்ணெயும் 80-க்கு 20 என்று அளந்து கலக்குவது அவன் வேலை. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், டப்பாவைத் திறந்துவைத்தால் கெட்டுப்போகும். இது உண்மைதான், புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த ஒரு உண்மையை எடுத்து அவன் தலையில் வைத்தேன். "டப்பாவ மூடி வைக்கச் சொன்னேன்ல? ஒரு வேலை, அத உருப்படியா பண்ண முடியாதா?" எல்லோர் முன்னாலும். அவன் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து கிளப்புக்கு வரவும் இல்லை. எனக்கு அது அப்போது பெரிதாகவும் படவில்லை. ஃபைனல் இயர், பிளேஸ்மென்ட், ப்ராஜெக்ட். போய்விட்டேன்.

ஏழு வருஷம் கழித்து, இந்தப் பொங்கலுக்கு.

பெரியப்பா வீடு கிணத்துக்கடவு பக்கம். தென்னந்தோப்பு. அவர் முப்பது வருஷத்துக்கு மேல் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். கோர்ஸ் முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்தபோது நான் அவர் வீட்டுப் பரணில் போட்ட அட்டைப்பெட்டி அப்படியே இருந்தது. உள்ளே இன்ஜின், டேங்க், டியூப் எல்லாம் ஒன்றாகக் கோர்த்தபடி. விமானம் மட்டும்தான் போயிருந்தது. இன்ஜினைச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை. ஆமணக்கெண்ணெய் நாள்பட்டால் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். இதைப் புரொப்பெல்லரைப் பிடித்து பலமாகத் திருப்பினால் உள்ளே ஏதாவது உடையும். ஹேர் டிரையரில் நன்றாகச் சூடுபண்ணி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பொறுமையாக ஆட்டினால் இளகும். அரை மணி நேரத்தில் இளகியது. கார்புரேட்டரைக் கழற்றி நீடிலைச் சுத்தம் செய்தேன். பிளக் புதுசு. எரிபொருள், ஹாபி கடையில் சீல் உடைக்காத ரெடிமேட் கேன்.

பெரியப்பாவின் ஒர்க் பெஞ்சில் ஒரு பலகையை வைஸில் பிடித்து, அதில் இன்ஜினை போல்ட் போட்டு, பின்னால் டேங்கைச் சரியான மட்டத்தில் கட்டினேன். ஸ்டார்ட் ஆனது. அந்த வாசனை வந்தவுடனே எனக்குக் காலேஜ் கிரவுண்ட் வந்துவிட்டது. பெரியம்மா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். முழு த்ராட்டிலில் நாலே முக்கால் நிமிஷம் ஓடியது.

அப்புறம் கூர்மையாகி நின்றது.

நான் அப்படியே நின்றேன். எரிபொருள் புதுசு, சீல் உடைத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை. பிளக் புதுசு. அதே வியாதி. அப்போதுதான், ஏழு வருஷம் லேட்டாக, ஒரு சின்ன யோசனை வந்தது. தண்ணீர் மெத்தனாலில் முழுசாகக் கரையும். கலந்திருந்தால் முதல் சொட்டிலும் கலந்திருக்கும், கடைசிச் சொட்டிலும் கலந்திருக்கும். முதல் நாலு நிமிஷம் அருமையாக ஓடிவிட்டு அப்புறம் மட்டும் கெட்டுப்போகாது. இதை யோசிக்க புது கேன் வாங்கியிருக்கவே வேண்டாம். அந்தத் தகரக் கூரைக்குப் பக்கத்தில் நின்றே யோசித்திருக்கலாம்.

சரி, இந்தத் தடவை ஒழுங்காகச் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் மாற்றுவது, மாற்றியதை நோட்டில் எழுதுவது. நீடிலைத் தொடவே கூடாது என்று முடிவு.

இப்படி எரிபொருள் சரியாக வராமல் போக வழக்கமான காரணங்கள் சில உண்டு. டியூப் எங்காவது மடங்கி இருக்கும். ஃபில்டரில் குப்பை இருக்கும், அல்லது அதன் ஜாயின்ட் தளர்ந்திருக்கும். சைலன்சர் நிப்பிள் லூஸாக இருக்கும். அதிர்வில் டேங்குக்குள் நுரை கட்டும், அதற்கு டேங்கைச் சுற்றி ஃபோம் வைப்பார்கள். கார்புரேட்டர் கழுத்திலுள்ள ஓ-ரிங் காய்ந்துபோய்க் காற்று விடும், அப்படியானால் ஐடிலிங்கே நிலையாக இருக்காது. இன்னொன்று உண்டு. விமானம் முரட்டுத்தனமாக இறங்கினால் டேங்குக்குள் அந்தக் குண்டு முன்பக்கமாக மடங்கிச் சிக்கிக்கொள்ளும். தரையில் நன்றாக ஓடும், மூக்கைத் தூக்கினால் செத்துவிடும். முதலில் எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். டேங்கை ஆட்டிப் பார்த்தேன், குண்டு தாராளமாக ஆடியது. மற்றதையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், எல்லாம் சரி.

நடுவில் ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். பழைய ஆட்கள் டியூப்பை வாயில் வைத்து ஊதியும் உறிஞ்சியும் பார்ப்பார்கள். வேண்டாம். இது மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த இதே மெத்தனால்தான். ஊசி இல்லாத சிரிஞ்சு மெடிக்கலில் கிடைக்கும், அதை வைத்து ஊதுங்கள். அப்புறம், மெத்தனால் நெருப்பு பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, பக்கத்தில் எதையும் பற்றவைக்காதீர்கள்.

சிரிஞ்சை வைத்து டேங்க் லீக் டெஸ்ட் செய்தேன். டேங்கைக் கழற்றி, ஒரு குழாயை அடைத்து, வாளித் தண்ணீருக்குள் முக்கி, இன்னொரு குழாய் வழியாகக் காற்றை ஏற்றினேன். ஓட்டை இருந்தால் குமிழி வரவேண்டும். ஒரு குமிழிகூட வரவில்லை. டேங்க் பாஸ்.

அடுத்து மூன்று தடவை ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் டேங்கை முழுசாக நிரப்பி, நிற்கும்வரை விட்டு, நேரத்தை எழுதினேன். முழு த்ராட்டிலில் 4 நிமிஷம் 50 விநாடி. பாதி த்ராட்டிலில் 8 நிமிஷத்துக்கு மேல். ஏற்றி இறக்கி ஓட்டியபோது 6 நிமிஷம் சொச்சம். நேரத்தில் ஒரு ஒழுங்கும் இல்லை. எனக்கு எரிச்சல். நின்ற உடனே, எவ்வளவு மிச்சம் என்று தெரியட்டுமே என்று டேங்கின் மேல் மார்க்கரில் ஒரு கோடும் போட்டு வைத்திருந்தேன். அதை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. என் கண் முழுக்க ஸ்டாப்வாட்சில்.

பெரியப்பா அதுவரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து டேங்கைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, மூணு தடவ கோடு போட்டியா? ஒரு கோடுதான இருக்குது?"

பார்த்தேன். மூன்று கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே தடித்த கோடாக இருந்தது. நேரம்தான் மாறியிருக்கிறது. மட்டம் மாறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் சரியாகப் பாதி டேங்கில்.

"தொட்டி ரொம்பி இருந்தா ஓடுது, பாதிக்கு எறங்குனா நிக்குது. இது கெணத்து மோட்டாராட்ட இருக்குதே. சக்‌ஷன் பைப்புல ஓட்ட இருந்தா இப்படித்தான். ஓட்ட தண்ணிக்குள்ள இருக்கற வரைக்கும் ஒண்ணுந் தெரியாது. தண்ணி எறங்கி ஓட்ட வெளிய தெரிஞ்சுதுன்னா ஏர் இழுக்கும்."

"இல்லீங் பெரியப்பா, டேங்கத் தண்ணில முக்கிப் பாத்துட்டேன். லீக்கே இல்ல."

"தொட்டியப் பாத்த. தொட்டிக்குள்ள இருக்கற பைப்பப் பாத்தியா?"

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன், ஏனென்றால் நானும் நின்றுவிட்டேன். என் டெஸ்ட் பொய் சொல்லவில்லை. டேங்கிலிருந்து வெளியே ஏதாவது கசிகிறதா என்று கேட்டேன், இல்லை என்றது. டேங்குக்குள்ளேயே இருக்கும் டியூப்பில் ஓட்டை இருந்தால் காற்று டேங்கின் உள்ளேயிருந்துதான் போகும், டேங்குக்கு உள்ளேதான் வரும். வெளியே ஒரு குமிழி எப்படி வரும்? உறிஞ்சுகிற பக்கத்து ஓட்டை எதையும் வெளியே சிந்தாது. அது காற்றை உள்ளே வாங்கும். கிணற்று மோட்டாரில் அப்படி ஓட்டை இருக்கும்போது பைப் சொட்டாது, தண்ணீர் மட்டும் மேலே ஏறாது. அந்தக் காலத்தில் ஜாயின்ட் ஜாயின்ட்டாக ஈரக் களிமண் அப்பிக் கண்டுபிடிப்போம் என்றார். இப்போது எல்லாம் சப்மெர்சிபிள் வந்துவிட்டதால் யாருக்கும் இது தெரியவேண்டியதில்லை என்று ஒரு குறையும் பட்டுக்கொண்டார்.

கார்க்கைக் கழற்றி, குழாய், டியூப், குண்டு எல்லாவற்றையும் ஒரே கொத்தாக வெளியே இழுத்தேன். குண்டின் வாயை விரலால் அடைத்து, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் விட்டு சிரிஞ்சை அழுத்தினேன். ஒன்றும் இல்லை. பெரியப்பா, "அத வளச்சுப் புடி" என்றார். வளைத்தேன். சிலிக்கான் டியூப் பித்தளைக் குழாயின் மேல் ஏறி முடிகிற இடத்திலிருந்து, ஊசி முனை சைஸில் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன.

நேராக வைத்தால் மூடிக்கொள்கிறது, வளைத்தால் வாயைத் திறக்கிறது. மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது அந்தக் கீறல். டேங்கின் நடு உயரத்தில், முன்பக்கம். இதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓப்பன் டேயை முழுக்க ரீப்ளே செய்து பார்க்கலாம். தரையில் இரண்டு நிமிஷம் ஓடியபோது டேங்க் நிறைவு, கீறல் முங்கியிருந்தது. அதனால் தரையில் எப்போது டெஸ்ட் செய்தாலும் பாஸ். மேலே போய்ச் சுற்றச் சுற்ற மட்டம் இறங்கியது. பிறகு மூக்கைத் தூக்கினோம். எரிபொருள் எல்லாம் பின்னால் சரிந்தது. முன்னால் இருந்த கீறல் மொத்தமாக வெளியே வந்தது. கார்புரேட்டருக்குக் காற்று போனது.

ஓட்டுவதற்கு முன் நாம் செய்யவேண்டிய ஒரு டெஸ்ட் உண்டு. விமானத்தை ஒருவர் கெட்டியாகப் பிடித்து, முழு த்ராட்டிலில் மூக்கை நேர் மேலே தூக்கிப் பார்ப்பது. சத்தம் லேசாகக் கூர்மையானால் பரவாயில்லை, தொய்ந்தால் பறக்கவிடக்கூடாது. நாங்கள் அதைச் செய்யாமல் இல்லை. எப்போதும் முழு டேங்கோடு செய்தோம். கால் டேங்கோடு ஒரே ஒரு தடவை செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அடுத்தது, அந்தக் கீறல் ஏன் அங்கே வந்தது? டியூப்பை உருவினேன். உள்ளே இருந்த பித்தளைக் குழாயின் முனையை விரலால் தடவினேன். சுருக்கென்றது. அறுத்த பிசிறு அப்படியே இருந்தது. பித்தளைக் குழாயை அறுத்தால் முனையை எமரி பேப்பரால் தேய்த்து மழுக்கவேண்டும். ஒரு நிமிஷ வேலை. பறக்கும்போது குண்டு அங்கேயும் இங்கேயும் ஆட ஆட, டியூப் அந்தப் பிசிறின் மேலேயே மடங்கி மடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அறுபட்டிருக்கிறது.

அந்தக் குழாயை அறுத்தது யார்? நான். தேர்ட் இயரில், ஒரு ராத்திரி, ஹாஸ்டல் ரூமில், ஹேக்ஸா பிளேடை வைத்து. டேங்கை நான்தான் அசெம்பிள் செய்தேன். வேறு யாரையும் தொடவிடவில்லை, ஏனென்றால் அது முக்கியமான வேலை என்று நினைத்தேன். கிட் பிளேம் போட்டால் என் பேர்தான் வரும். எரிபொருள் கலக்குவது மாதிரி எடுபிடி வேலைகளைத்தான் ஜூனியர்களுக்குக் கொடுத்திருந்தேன்.

பெரியப்பா பிசிறைத் தடவிப் பார்த்துவிட்டு, "எந்தக் கழுத இத அறுத்துச்சு?" என்றார். சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து சின்ன அரத்தை எடுத்துக் கொடுத்தார்.

முனையைத் தேய்த்து மழுக்கி, புது டியூப் போட்டு ஓட்டினேன். டேங்கின் அடி தெரியும்வரை ஓடியது. நீடிலை ஒரு கிளிக்கூடத் தொடவில்லை.

அன்று ராத்திரி அந்தத் தம்பியைத் தேடினேன். நம்பர் மாறியிருந்தது. லிங்க்ட்இனில் கிடைத்தான், இப்போது வேறு ஊரில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டியில் இருக்கிறான். மெசேஜ் போட்டேன், மறுநாள் பேசினோம். முதலில் அஞ்சு நிமிஷம் நலம் விசாரிப்பு. அப்புறம் நான் சொல்ல ஆரம்பித்தேன். கோடு, கீறல், பிசிறு, எல்லாம். தண்ணி கலந்திருக்கவே முடியாது, நான் எல்லோர் முன்னாலும் சொன்னது தப்பு என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அண்ணா, அந்த டப்பா மூடி அன்னிக்கு நெஜமாவே தொறந்துதான் இருந்துச்சு. காலைலதான் பாத்தேன். அதனாலதான் நீங்க திட்டினப்ப ஒண்ணும் பேசல."

ஏழு வருஷமாக அவன் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறான். ஷாமியானாவில் இருந்த யார் மேலாவது அது விழுந்திருந்தால் என்கிற கணக்கை நான் மட்டும் போடவில்லை, அவனும் போட்டிருக்கிறான். நான் இரண்டு மூன்று மாதத்தில் மறந்துவிட்டேன். "இப்பவும் கெமிக்கல் கேன் எது பாத்தாலும் மூடிய ரெண்டு தடவ திருகிப் பாப்பேண்ணா" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மன்னிப்பு கேட்டேன். "விடுங்கண்ணா" என்றான். அது விட்டுவிட்டேன் என்கிற அர்த்தமா, பேச்சை விடுங்கள் என்கிற அர்த்தமா, எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று கேட்டான். "அந்த டியூப்ப தூக்கிப் போட்டுட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"எனக்கு அனுப்பறீங்களா?"

இந்தக் கதையைச் சொல்வதற்கு முன் அவனிடம் கேட்டேன், சொல்லிக்கோங்க, பேர் மட்டும் வேண்டாம் என்றான். டியூப்பையும் பித்தளைக் குழாயையும் ஒரு ஜிப்லாக் கவரில் போட்டு, கீறல் இருக்கிற இடத்தில் மார்க்கரால் வட்டம் போட்டு, கூரியர் ஆபீசுக்கு எடுத்துப்போனேன். கவுண்ட்டரில் இருந்தவர் உள்ளே என்ன பொருள், என்ன மதிப்பு, எழுதுங்க என்றார். பழைய சிலிக்கான் டியூப் ஒன்று, 11 சென்டிமீட்டர் என்று எழுதினேன். மதிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அவர் பேனாவை வாங்கி அதில் பத்து ரூபாய் என்று போட்டுக்கொண்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.